பேசிய கூலியும் பேசாத வேலையும்



கூலி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது முதலாளிகளுக்கான எச்சரிக்கைதான். ஒருவரிடம் முழுமையாக வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள் (புகாரி 2227). இதைப் பல ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். ஆனால் அதே ஒப்பந்தத்தின் மறுபக்கம் நிற்பவரை, கான்ட்ராக்ட் பேசி வேலை எடுப்பவரைப் பற்றி மிம்பரில் குறைவாகவே பேசுகிறோம். பெயிண்டர், டைல்ஸ் போடுபவர், எலெக்ட்ரீஷியன், வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் டிசைன் செய்து கொடுக்கும் இளைஞர் என்று நம் மஹல்லாவிலேயே எத்தனை பேர்! ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனத்துக் கட்டளை அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஃபிக்ஹ் நூல்கள் கூலிக்கு வேலை செய்பவரை இரண்டு வகையாகப் பிரிக்கின்றன. ஒருவர் தன் நேரத்தைக் கொடுப்பவர். நம் ஊர் நாள் கூலி, மாதச் சம்பளம் போல. இவர் அஜீர் காஸ். மற்றவர் வேலையை முடித்துக் கொடுப்பவர். ஒரே சமயத்தில் பலருக்கும் வேலை செய்யலாம். இவர் அஜீர் முஷ்தரக். தையற்காரரையும் சாயம் தோய்ப்பவரையும் உதாரணமாகச் சொல்வார்கள். கான்ட்ராக்ட் எடுப்பவர் இந்த இரண்டாம் வகை. பத்து நாளில் முடியும் என்று கணக்குப் போட்டு ஒரு தொகை பேசுகிறார். ஏழு நாளில் முடிந்தால் லாபம் அவருக்கு. மீதி மூன்று நாள் கூலியை யாரும் திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கொடுக்க வேண்டியதும் இல்லை. அப்படியானால் பதினைந்து நாள் இழுத்துவிட்டால் அந்தச் சுமை யாருடையது?

இங்கேதான் சிலர் தடுமாறுகிறார்கள். பாதிச் சுவர் பட்டி பார்த்த நிலையில், மகளின் நிக்காஹ் தேதி நெருங்கும் வீட்டில், “இந்த ரேட் கட்டுப்படியாகாது பாய்” என்று தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறார்கள். வீட்டுக்காரர் வேறு வழியில்லாமல் கூட்டிக் கொடுக்கிறார். மனம் விரும்பியா கொடுத்தார்? வேறு சிலர் வாய் திறந்து கேட்பதில்லை. இரண்டு கோட்டு பேசிவிட்டு ஒரு கோட்டில் முடித்துவிடுகிறார்கள். இதை நான் இன்னும் மோசமானது என்பேன். கூட்டிக் கேட்டவருக்கு மறுப்புச் சொல்லவாவது முடியும். தராசு இல்லாத தொழிலிலும் அளவில் குறைப்பது உண்டு.

மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரில் பேசிய ஒப்பந்தத்தைப் பாருங்கள் (28:27, 28). கட்டாயமான காலம் எட்டு ஆண்டுகள். பத்தாக நிறைவு செய்தால் அது மூஸா (அலை) அவர்களின் விருப்பம். அவர்களைச் சிரமப்படுத்த விரும்பவில்லை என்று அந்தப் பெரியவரே சொல்லிவிடுகிறார். மூஸா (அலை) அவர்களும், இரண்டில் எதை முடித்தாலும் என்னை மேலும் நெருக்கக் கூடாது என்று முதலிலேயே தெளிவாக்கிக்கொள்கிறார்கள். பிறகு, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கப்படி, கூடுதலான காலத்தையே நிறைவு செய்தார்கள் (புகாரி 2684). எட்டு ஆண்டு உரிமை, இரண்டு ஆண்டு உபகாரம். உபகாரத்தை உரிமைபோல் நெருக்கிக் கேட்க இரு தரப்புக்கும் இடமில்லை.

“வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று குறைந்த ரேட்டுக்கு ஒத்துக்கொண்டேன், ஹஜ்ரத். அதற்கும் கட்டுப்பட வேண்டுமா?” நியாயமான கேள்வி. நிலைமையைச் சொல்லிக் கூட்டித் தரும்படி கேட்பதில் தவறே இல்லை. வேலையைப் பணயமாக்கிக் கேட்பதுதான் தவறு. ஆனால் அவருடைய வறுமையைத் தெரிந்தே அடிமாட்டு விலைக்குப் பேசிய வீட்டுக்காரர், “பேசினது பேசினதுதான்” என்று வசனம் காட்டி ஒதுங்குவதைப் பார்த்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது.

இன்னொன்று, பேசாத வேலை. “அப்படியே அந்த கேட்டுக்கும் ஒரு கோட்டு அடிச்சிடுங்க” என்கிறோமே, அந்த கேட் ஒப்பந்தத்தில் இல்லை. சந்தோஷமாகச் செய்தால் அது அவருடைய அன்பளிப்பு. இல்லையென்றால் தூரிகையைத் தொடுவதற்கு முன்பே, “இதற்குத் தனியாக இவ்வளவு ஆகும்” என்று அவர் சொல்லிவிட வேண்டும். முகத்துக்காகச் சும்மா இருந்துவிட்டுக் கடைசி பில்லில் சேர்த்தால் அங்கேதான் சண்டை.

கூலியே பேசாமல், “பார்த்துக் கொடுங்க பாய்” என்று தொடங்கும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். கூலி தெரியாத ஒப்பந்தம் சீர்கெட்டது என்பது ஃபுகஹாக்களின் நிலைப்பாடு. ஏற்கனவே அப்படி முடிந்துவிட்ட வேலைக்கு, அதுபோன்ற வேலைக்கு ஊர் வழக்கத்தில் என்ன கூலியோ அதுதான் தீர்ப்பு. கொடுப்பவர் மனதில் நினைத்திருந்த தொகையும் செல்லாது, வாங்குபவர் நினைத்ததும் செல்லாது. அதே தொழில் செய்யும் இரண்டு பேரிடம் கேட்டு, அந்தத் தொகையைத் தாமதிக்காமல் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்ளுங்கள்.