நல்ல முதலாளி போதாதா?

"முதலாளி நல்லவராக இருந்துவிட்டால் சோஷலிசம் எதற்கு ஐயா?"

கேட்டவள் கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். கூலிப் பட்டியல், ஓவர்டைம், பி.எஃப். பிடித்தம் எல்லாம் அவள் கைவழியாகத்தான் போகும். குரு, பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரிடம் தத்துவம் படிக்க வருகிறாள். அன்று சுரண்டல் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததுமே குறுக்கிட்டாள். தன் ஆலையில் சம்பளம் தேதி தவறுவதில்லை, கேன்டீன் சாப்பாட்டுக்குக் குறையில்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்றாள்.

"அப்படியானால் நல்ல முதலாளிகளிலேயே பெயர்பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம், அம்மணி" என்றார் குரு.

அவர் சொன்னது ராபர்ட் ஓவனின் கதை. ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றங்கரையில் நியூ லானார்க் என்ற நூற்பாலைக் கிராமம். 1800-இல் அதன் நிர்வாகம் ஓவன் கைக்கு வந்தது. மற்ற ஆலைகளில் 13, 14 மணி நேரம் வேலை வாங்கிய காலத்தில் அதைப் பத்தரை மணி நேரமாகக் குறைத்தார். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வேலையில் சேர்ப்பதை நிறுத்தினார். 1816-இல் நடக்கப் பழகிய குழந்தைகளுக்கும் பள்ளி திறந்தார். அமெரிக்கப் பருத்தி வராமல் ஆலை நாலு மாதம் நின்றபோதும் முழுக் கூலி கொடுத்தார். அடி, அபராதம் என்று போகாமல், ஒவ்வொரு தொழிலாளியின் பக்கத்திலும் விரலளவு மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டார். அதன் நாலு பக்கத்துக்கும் நாலு நிறம். நேற்றைய வேலை மோசம் என்றால் கறுப்புப் பக்கம் முன்னால் இருக்கும். சுமார் என்றால் நீலம், நன்று என்றால் மஞ்சள், மிக நன்று என்றால் வெள்ளை. மேற்பார்வையாளர் திருப்பி வைத்தது அநியாயம் என்று தோன்றினால் ஓவனிடமே போய் முறையிடலாம்.

"இவர் மாதிரி நாலு பேர் இருந்தால் போதுமே!" என்றாள் மாணவி.

"ஓவனுக்கே போதவில்லை. அந்த மக்கள் தம் தயவில் வாழும் அடிமைகள் என்று அவரே எழுதினார்."

இந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. சோஷலிசச் சிந்தனையின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. நியூ லானார்க்கில் குடும்பம் குட்டியோடு 2,500 பேர். அவர்களில் உழைப்பவர்கள் உண்டாக்கும் செல்வத்தை உண்டாக்க, அரை நூற்றாண்டுக்கு முன்பு 6,00,000 பேர் கொண்ட சமூகம் தேவைப்பட்டிருக்கும் என்று ஓவன் கணக்குப் போட்டார். அப்படியானால் 6,00,000 பேர் சாப்பிட்டிருக்கக்கூடியதற்கும் இந்த 2,500 பேர் சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் எங்கே போகிறது? பங்குதாரர்களுக்கு முதலீட்டின்மேல் 5 சதவீத வட்டி. அதற்கு மேல் 3,00,000 பவுனுக்கும் அதிகமான லாபம். விடை கணக்குப் புத்தகத்திலேயே இருந்தது. ஊரெல்லாம் ஓவனை வள்ளல் என்றபோது, அவர் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தன்னையே கேள்வி கேட்டார். அந்த நேர்மைக்காகவே அவரை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மாணவி விடவில்லை. "எந்திரம் முதலாளியுடையது ஐயா. கடன் வாங்கிப் போட்டது அவர். நஷ்டம் வந்தாலும் அவர் தலையில்தான்."

"நஷ்டம் வந்தால் ஆலையை மூடுவார்கள். அப்போது வேலை போவது யாருக்கு? மேற்பார்வை பார்க்கிறவருக்குச் சம்பளம் கொடு, அது நியாயம். போட்ட பணத்துக்கு வட்டி என்று ஓவனின் பங்குதாரர்களுக்கு 5 சதவீதம் போய்விட்டது, அதையும் விட்டுவிடு. அதற்கு அப்புறமும் மிஞ்சுகிறதே, அது எதற்கான விலை? அந்த எந்திரம் எங்கிருந்து வந்தது? வேறொரு பட்டறையில் வேறு சிலர் உழைத்துச் செய்தது. நேற்றைய உழைப்பு இன்றைய உழைப்பாளிக்கு எஜமானாக நிற்கிறது."

பிறகு மார்க்சுக்கு வந்தார். 1867-இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதி ஏமாற்று வேலையைப் பற்றிய புகார்ப் பட்டியல் அல்ல. தொழிலாளி விற்பது தன் உழைப்புச் சக்தியை. அதற்குரிய விலையை, அதாவது அவர் உண்டு உடுத்தி, பிள்ளைகளை வளர்த்து, மறுநாளும் வேலைக்கு வருவதற்கு வேண்டியதை, முதலாளி குறைக்காமல் கொடுக்கிறார் என்றே மார்க்ஸ் வைத்துக்கொள்கிறார். ஆனால் அந்தக் கூலிக்கு ஈடான மதிப்பை ஷிப்டின் முதல் சில மணி நேரத்திலேயே தொழிலாளி உண்டாக்கிவிடுகிறார். மிச்ச நேரத்தில் உண்டாவது உபரி மதிப்பு, அது முதலாளியுடையது. யாரும் யாரையும் ஏமாற்றாமலே சுரண்டல் நடக்கிறது.

மாணவி கொஞ்ச நேரம் பேசவில்லை. கூலிப் பட்டியல் போடுகிறவளுக்கு இது வெறும் தத்துவம் இல்லை.

"அதனால்தான் நேரத்துக்கு இத்தனை சண்டையா?"

"ஆமாம். பிரிட்டிஷ் தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகளை மார்க்ஸ் வரிவரியாகப் படித்தார். காலையில் சில நிமிடம் முன்னதாக எந்திரத்தை ஓட்டுவது, சாப்பாட்டு நேரத்தில் சில நிமிடத்தைக் கடிப்பது, சாயங்காலம் சில நிமிடம் தாமதித்து நிறுத்துவது எல்லாம் அவற்றில் இருக்கிறது."

பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பத்து மணி நேரம் என்று வரம்பு கட்டிய சட்டம் பிரிட்டனில் 1847-இல் வந்தது. எட்டு மணி நேரக் கோரிக்கையைத் தூக்கிப் பிடித்த மே தினத்தை 1923-இல் சென்னையில் சிங்காரவேலர் கொண்டாடினார். இந்தியாவிலேயே அதுதான் முதல் மே தினம். அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. அது திரும்பப் பெறப்படுகிறது என்று மே தினத்தன்று முதல்வர் அறிவித்தார். சமூகத்தைச் சோஷலிசம் இப்படித்தான் பார்க்கிறது: சட்டம் வானத்திலிருந்து விழுவதில்லை, உற்பத்திச் சாதனங்கள் யார் கையில், அவர்களை எதிர்த்து நிற்பவர்களின் பலம் எவ்வளவு என்பதைப் பொறுத்து அது நீளும், குறுகும்.

"எல்லாருக்கும் ஒரே சம்பளம் என்றால் யார் முயற்சி எடுப்பார்கள்?" என்று அடுத்ததாகக் கேட்டாள். இதற்குக் குரு அதிக நேரம் செலவிடவில்லை. மார்க்ஸ் அப்படிக் கேட்கவே இல்லை. 1875-இல் ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் கோத்தா திட்டத்தை விமர்சித்தபோது, புதிய சமூகத்தின் முதற்கட்டத்தில் உழைப்புக்கேற்ற ஊதியம்தான் இருக்கும் என்றே எழுதினார். உன் வீட்டையும் ஸ்கூட்டரையும் யாரும் கேட்கவில்லை, ஆலையும் சுரங்கமும் வங்கியும் யாருடையவை என்பதுதான் கேள்வி என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

"சரி, சோவியத் நாட்டில் எல்லாம் அரசுடையது ஆயிற்றே. என்ன ஆனது?"

குரு மழுப்பவில்லை. 1932-33 பஞ்சத்தில் உக்ரைனிலும் மற்றப் பகுதிகளிலும் லட்சக்கணக்கான விவசாயிகள் மாண்டதைச் சொன்னார். தானியம் வயலில் இருந்து பறிக்கப்பட்டது. கேள்வி கேட்க வேண்டிய பத்திரிகையும் சங்கமும் கட்சியின் பிடியில் இருந்தன. "1918-லேயே ஜெர்மன் சிறையில் இருந்தபடி ரோசா லக்சம்பர்க் எச்சரித்தார். ரஷ்யப் புரட்சியை வரவேற்ற சோஷலிஸ்ட்தான் அவர். ஆனால் எதிர்க்கருத்துக்கு இடமில்லாத இடத்தில் பொதுவாழ்வு செத்துப்போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பட்டா அரசின் பேரில் மாறிவிட்டால் ஆலை தொழிலாளியுடையது ஆகிவிடாது, அம்மணி."

"அப்போது வேறு எப்படி?"

குரு இன்னொரு கதை சொன்னார். 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 28 பேர் கூடிக் கூட்டுறவுக் கடை ஒன்று திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், கொஞ்சம் மெழுகுவத்தி, இவ்வளவுதான் சரக்கு. பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. கடை வளர்ந்தது. 1854-இல் அதே ஊர்க்காரர்கள் கூட்டுறவு ஆலையும் தொடங்கினார்கள். லாபத்தில் தொழிலாளிக்கும் பங்கு என்று விதி வைத்தார்கள். பங்குதாரர்கள் பெருகினார்கள். 1862-இல் அந்தப் பங்குதாரர்களே வாக்களித்து அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.

"சாதாரண ஆட்களே முதலாளி ஆகிவிட்டார்களா?"

"பங்கு வாங்கியவர்கள் எல்லாரும் பிரபுக்கள் இல்லை. சிறுகச் சிறுகச் சேமித்தவர்களும் உண்டு. மனிதர்கள் கெட்டுப்போனார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் உட்கார்ந்த இடம் அப்படி. ஓவனும் நல்லவர்தான்."

மாணவி யோசித்துச் சொன்னாள்: "எங்கள் ஆலையில் கான்ட்ராக்ட் ஆட்கள் பெயர் என் பட்டியலில் வராது. கான்ட்ராக்டர் பில்லில் தலைக்கணக்கு மட்டும் இருக்கும். நாளைக்கே ஆலை எங்கள் கைக்கு வந்தாலும் அவர்களுக்கு ஓட்டு கொடுப்போமா என்று தெரியவில்லை. அவர்கள் வருகிற தெரு வேறு, எங்கள் தெரு வேறு. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடாத நிரந்தரத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள் ஐயா. வர்க்கம் ஒன்றுதானே?"

இந்தக் கேள்விக்கு மார்க்சிடம் தயார்விடை இல்லை என்று குரு ஒப்புக்கொண்டார். 1936-இல் எழுதிய ஓர் உரையில் அம்பேத்கர் இதைத்தான் இந்திய சோஷலிஸ்டுகளிடம் கேட்டார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதைத் தொடாமல் பொருளாதாரப் புரட்சிக்கு எந்த ஏழை உங்கள் பின்னால் வருவான் என்பது அவர் வாதம். பல சோஷலிஸ்டுகள் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். அது பெரும் பிழை என்றார் குரு. தமிழ்நாட்டில் 'குடி அரசு' பத்திரிகை வர்க்கம், சாதி இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. 1931-இல் கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் வெளியிட்ட அந்தப் பத்திரிகையே அம்பேத்கரின் அந்த உரையையும் தமிழில் கொண்டுவந்தது.

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கலாமா?" என்றாள் மாணவி. முதலில் அம்பேத்கர் என்றார் குரு. இல்லை, அறிக்கைதான் முதலில் என்று அவள் வாதாடத் தொடங்கினாள்.