‘ரைட்’ என்னும் சொல்

ஆங்கிலம் கல்லாதவரும் அறிந்த ஆங்கிலச் சொல் ‘ரைட்’. நடத்துநர் ‘ரைட், ரைட்’ என்று குரல் கொடுத்தாலன்றிப் பேருந்து நகர்வதில்லை. வலக்கையும் அச்சொல்லே, பிழையற்ற விடையும் அச்சொல்லே, செங்கோணத்துக்கும் அதுவே அடைமொழி. நேரானது என்பது அதன் பழம்பொருள். நம் மொழியில் ‘நேர்’ என்பதிலிருந்து நேர்மை பிறந்தவாறே, அங்கும் நேர்கோடு நன்னெறியாயிற்று. (வலக்கையே சரியான கை என்றமையால் இடக்கைப் பிள்ளைகள் பள்ளியிற் பட்ட அடிகள் தனிக்கதை.)

செய்யத்தக்கதும் ‘ரைட்’, ஒருவர்க்குள்ள உரிமையும் ‘ரைட்’. இவ்விரண்டும் ஒரே ஒலியில் அடங்கியதால் விளையும் மயக்கமே ஈண்டு நாம் கருதுவது.

பல்லாண்டுகளுக்கு முன் வாடகைக்கு வீடு தேடிச் சென்றேன். வீட்டுக்காரர் கற்றவர், இனிமையாகப் பேசினார், முன்பணமும் பேசி முடித்தோம். பின்னர் என் ஊரைக் கேட்டார். ஊரில் எந்தத் தெரு என்றும் கேட்டார். விடை கேட்டதும் முகம் மாறிற்று. “யாருக்கு விடுவது என்பது என் ரைட், சார்” என்றார். சட்டம் யாது கூறும் என்பதை வழக்கறிஞர் பேசட்டும். அவர்க்கு அவ்வுரிமை உண்டென்றே வைத்துக்கொள்வோம். அச்செயல் செம்மையானதா என்னும் வினா அப்போதும் எஞ்சி நிற்கிறதன்றோ? அவ்வினா எழாதவாறு அவர் ஒரு சொல்லைக் குறுக்கே நிறுத்தினார்.

இதனால் உரிமை இழிந்ததென்று யாரும் கொள்ளற்க. தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவு, 1950இல் நடப்புக்கு வந்த அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகளின் பகுதியிலேயே நிற்கிறது. பிறர் நல்லவராகும்வரை காத்திருங்கள் என்று அது நமக்குச் சொல்லவில்லை.

பகவன் அருளிய எண்வகை நெறியில் ‘சம்மா’ என வரும் பாலிச் சொல்லை ஆங்கிலத்தில் பெரும்பாலும் ‘ரைட்’ என்றே பெயர்த்துள்ளனர். அங்கே உரிமைப் பொருள் ஓரிடத்தும் இல்லை. நற்பேச்சு வேறு, பேச்சுரிமை வேறு. கள்ளும் சாராயமும் விற்க ஒருவர் அரசிடம் உரிமம் பெறலாம்; ஆயுதம், உயிர், ஊன், மது, நஞ்சு ஆகிய ஐந்து வணிகங்களைப் பகவன் விலக்கியது அவ்வுரிமத்தால் மாறாது.

இன்று எனக்கும் ஒரு சிறு வீடுண்டு. மாடியை வாடகைக்கு விடுகிறேன். சென்ற ஆண்டு ஓர் இளைஞர் வந்து கேட்டார். வேற்று மொழியினர் என்பதொன்றே என் தயக்கத்துக்குக் காரணம். ஏன் மறுக்கிறீர்கள் என்று அவர் வினவியபோது, என் நாவும் அந்தச் சொல்லைத்தான் தேடிற்று.