கொடுங்கோல் எங்கே பிறக்கிறது?

திருப்பதி, சித்தூர் மாவட்டங்களின் மலைச்சாரல் கிராமங்களிலிருந்து திருமலைக்குச் செல்லும் அன்பர்கள் பலர். வெதுருகுப்பம் போன்ற சிற்றூர்களிலிருந்து புறப்படும் அவர்களுள் சிலர், திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரிக் கோட்டையையும் கண்டு திரும்புவதுண்டு. பாறைக் குன்றின் அடிவாரத்தில் ராஜமஹாலும் ராணிமஹாலும் அமைதியாக நிற்கின்றன. ராஜமஹால் இன்று ஓர் அருங்காட்சியகம். ஒரு காலத்தில் பேரரசு ஒன்றின் தலைநகராக விளங்கிய இடம் அது.

ஆனால் அது வளரும் பேரரசின் தலைநகர் அன்று. தேயும் பேரரசின் தலைநகர். 1565-இல் தலைக்கோட்டைப் போரில் தோற்றபின், துங்கபத்திரைக் கரையிலிருந்த விஜயநகரம் மாதக்கணக்கில் சூறையாடப்பட்டது. அரசவை பெனுகொண்டாவுக்குப் பெயர்ந்தது. பின்னர் சந்திரகிரிக்கு வந்தது. அதன்பின் வேலூருக்குச் சென்றது. போர் முடிந்து இரண்டாண்டுகள் கழித்து விஜயநகரத்தைக் கண்ட வெனிஸ் நாட்டு வணிகர் ஒருவர், வீடுகள் நின்றாலும் அவற்றில் மனிதர் இல்லை, விலங்குகளே வாழ்கின்றன என்று எழுதி வைத்தார்.

ஒரு மாநகர் எப்போது அழியத் தொடங்குகிறது? பகைவர் மதிலைத் தாண்டும் நாளிலா, அதற்கு நெடுநாள் முன்பே அதன் உள்ளத்திலா?

மதிலுக்குள் இருந்த பகை

தலைக்கோட்டைப் போருக்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே விஜயநகரம் ஒரு கொடுங்கோலனைக் கண்டது. 1542-இல் அச்சுத தேவராயர் மறைந்தபோது அவருடைய மகன் வேங்கடன் சிறுவன். அவன் பெயரால் ஆட்சியைக் கைப்பற்றிய தாய்மாமன் சலகராஜு திருமலன், காக்க வேண்டிய அந்தப் பிள்ளையையே கொன்று தானே அரசனானான். அரச குலத்தவர் பலரும் பலியாயினர். அவனுடைய முடிவைக் குறித்துப் பலவாறு சொல்லப்படுகிறது. பாரசீக மொழியில் எழுதிய ஃபெரிஷ்தாவின் வரலாறு சொல்வது இது: தோல்வி நெருங்கியதும் அவன் அரண்மனை யானைகளையும் குதிரைகளையும் குருடாக்கினான், மணிகளையும் வைரங்களையும் எந்திரக் கல்லில் இட்டுப் பொடியாக்கினான், பிறகு தன் உயிரையும் மாய்த்துக்கொண்டான். தனக்குக் கிடைக்காதது யாருக்கும் கிடைக்கக் கூடாது என்பதே கொடுங்கோலின் கடைசி எண்ணம்.

அவனை வீழ்த்திய ராமராயர் சதாசிவராயரை அரியணையில் அமர்த்தினார். ஆனால் அதிகாரம் முழுவதையும் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். அரசர் பெயரளவில் மட்டுமே அரசராக இருந்தார். கொடியவன் ஒருவன் நீங்கினான்; கொடுமைக்கு இடம் தந்த பழக்கம் நீங்கவில்லை. வலியவன் செய்வதே முறை என்று அவை ஒருமுறை தலைவணங்கிவிட்டால், அடுத்த முறை வணங்குவது எளிதாகிவிடுகிறது.

ஒரு மூட்டைத் துணி

அந்த அடுத்த முறை 1614-இல் வேலூரில் வந்தது. முதுமையில் மறைந்த வேங்கடபதி தேவராயர், தம் அண்ணன் மகன் ஸ்ரீரங்கரைத் தமக்குப்பின் அரசராகத் தேர்ந்திருந்தார். அரசி ஒருத்தியின் உடன்பிறந்தவனான ஜக்கராயன் அதை ஏற்கவில்லை. அரசியின் மகன் என்று சொல்லப்பட்ட ஒரு சிறுவனை முன்னிறுத்தி, ஸ்ரீரங்கரைக் குடும்பத்துடன் சிறையிலிட்டான். பெரும்பாலான பிரபுக்கள் புதிய அதிகாரத்தின் முன் சென்று வணங்கினர். பணிய மறுத்து நின்றவர் வெலுகோட்டி யாசம நாயக்கர்.

அப்போது நடந்ததை 1616-இல் ஏசு சபைப் பாதிரியார் பர்ராதாஸ் தம் கடிதத்தில் பதிவு செய்துள்ளார். சிறைக்குள் துணி எடுக்கச் சென்றுவந்த சலவைத் தொழிலாளி ஒருவர், அரசரின் மகன் ராமனைத் துணி மூட்டைக்குள் மறைத்துக் காவலைக் கடந்து வெளியே கொண்டுவந்து யாசமரிடம் சேர்த்தார். பின்னர் ஸ்ரீரங்கரும் அவருடைய குடும்பத்தாரும் சிறையிலேயே மாண்டனர். அந்த மூட்டையில் இருந்த பிள்ளை மட்டும் உயிர் தப்பினான். பிற்காலத்தில் ராமதேவராயர் என்ற பெயரில் அரசனானான்.

படையும் நிலமும் பட்டமும் உடையவர்கள் அஞ்சி நின்ற இடத்தில், அவை எதுவும் இல்லாத ஒருவர் அஞ்சவில்லை. வணங்கிய பிரபுக்கள் தங்கள் செல்வத்தைக் கணக்கிட்டார்கள். அவரோ ஒரு குழந்தையின் முகத்தைக் கண்டார். அறம் பெரும்பாலும் அவ்வளவு எளிய உருவில்தான் மனிதன்முன் வந்து நிற்கிறது.

எதிர்ப்பின் விலை

இங்கே ஒரு கடினமான கேள்வி எழுகிறது. சிறுவன் தப்பியதால் போர் மூண்டது. ஜக்கராயனுக்கு மதுரையும் செஞ்சியும் துணை நின்றன. யாசமருக்குத் தஞ்சை ரகுநாத நாயக்கர் துணை நின்றார். காவிரிக் கரைப் பகுதியில் தோப்பூரில் நடந்த பெரும்போரில் ஜக்கராயன் மாண்டான். ஆனால் அந்தப் போரின் காயத்திலிருந்து பேரரசு மீளவே இல்லை. அப்படியானால் எல்லோரும் பணிந்திருந்தால் நாடு அமைதியாக இருந்திருக்குமே என்று ஒருவர் வாதிடலாம்.

அந்த வாதத்தில் ஒரு பிழை உண்டு. ஸ்ரீரங்கரின் குடும்பம் போரில் சாகவில்லை. பெரும்பாலோர் பணிந்திருந்த அந்த 'அமைதி'யில்தான் செத்தது. பணிவு கொலையைத் தடுக்கவில்லை. கொலைகாரனுக்கு நேரத்தைத் தந்தது. பிரபுக்கள் அனைவரும் முதல் நாளே 'இது முறையன்று' என்று சொல்லியிருந்தால் போரே தேவைப்பட்டிருக்காது. அறத்தின் பக்கம் நிற்பவனுக்கு எதிர்ப்பின் விலை பெரிதாகத் தோன்றுவதற்குக் காரணம், தொடக்கத்தில் தர வேண்டிய சிறு விலையை மற்றவர்கள் தராமல் போனதே.

விஜயநகரம் பொலிவுடன் இருந்த அதே பதினாறாம் நூற்றாண்டில், பிரான்சு நாட்டில் லா போயெசி என்ற இளைஞர் இதையே ஆராய்ந்தார். கொடுங்கோலனுக்கு மற்றவர்களைப்போல் இரண்டு கண்களும் இரண்டு கைகளுமே உண்டு. எஞ்சிய வலிமையெல்லாம் குடிமக்கள் அவனுக்குக் கொடுத்தது என்பது அவர் கண்ட முடிவு. திருவள்ளுவரும் செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்ததுடன், குடிகள் அஞ்சத்தக்க செயல்களைச் செய்யாமையைப் பற்றி அடுத்த அதிகாரத்தையும் அமைத்தார். அச்சத்தின்மேல் கட்டப்படும் ஆட்சிக்கு அடித்தளம் கிடையாது என்பதே அந்த வரிசையின் உட்பொருள்.

உள்ளிருக்கும் தலைநகர்

கீதை இவ்வுடலை ஒன்பது வாயில்களை உடைய நகரம் என்கிறது. அந்த நகரிலும் அரசன் உண்டு. ஆட்சியைக் கைப்பற்றத் துடிக்கும் தாய்மாமன்களும் உண்டு. சினமும் பேராசையும் முதலில் காவலர்களாக வருகின்றன. பிறகு காக்க வேண்டிய பிள்ளையையே கொல்கின்றன. அறிவும் நாணமும் அவையிலுள்ள பிரபுக்களைப்போல் அவற்றின்முன் தலைகுனிந்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மௌனம் காக்கின்றன. வீட்டில் பெரியவர் ஒருவர் அநியாயம் செய்யும்போதும், அலுவலகத்தில் மேலதிகாரி எளியவரை அவமதிக்கும்போதும் மனிதன் காக்கும் மௌனம், உள்ளே இந்த மௌனம் பழகிப்போனதன் விளைவே.

சந்திரகிரியின் மஹால்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றைக் கட்டியவர்களின் அதிகாரம் நிற்கவில்லை. வேலூர்ச் சிறையிலிருந்து துணி மூட்டையைச் சுமந்து வந்தவரின் பெயர்கூட இன்று வழங்குவதில்லை. ஆனால் அவர் சுமந்தது வீண்போகவில்லை. ஒவ்வொருவர் வாழ்விலும் காவலைக் கடந்து சுமந்து செல்ல வேண்டிய மூட்டை ஒன்று என்றோ ஒருநாள் வந்தே தீரும். அன்று தோள் கொடுப்பவனின் உள்நகருக்கு வீழ்ச்சி இல்லை.