பனிமய மாதா விடுமுறையும் நம் பெருநாளும்

ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் நடக்கும். நம் பிள்ளைகளும் போவார்கள். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

தனியார் வேலையில் கணக்கு வேறு. தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக ஐந்து பண்டிகை நாட்களைத்தான் கட்டாயமாக்குகிறது. எந்தப் பண்டிகைகள் என்பதை முதலாளியையும் தொழிலாளர்களையும் கலந்து ஆய்வாளர் குறிப்பிடுவார். பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், நம் இரண்டு பெருநாட்கள் என்று எடுத்துக்கொண்டால் அதோடு தீர்ந்தது. மாதா திருவிழாவுக்கு இடமிருக்காது.

இங்கே கடையும் உப்பளமும் வைத்திருக்கும் முதலாளிமார்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் உழைக்கும் பரதவச் சகோதரர் அன்று லீவு கேட்டால் கூலியைப் பிடிக்கிறீர்களா? பிறை தெரியாமல் பெருநாள் ஒரு நாள் தள்ளிப்போனால், கடைசி நேரத்தில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு நம் இடத்தில் நிற்பவர் அவர்தானே!

ஜும்ஆவுக்கு அழைப்பு வந்தால் வியாபாரத்தை விடச் சொன்ன அல்லாஹ், தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அவன் அருளைத் தேடச் சொல்கிறான் (62:9,10). ஆகவே வேலை பார்க்கும் இளைஞர்களே, முழு நாள் கேட்காதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தைக் கேளுங்கள், மாலையில் ஈடுகட்டுங்கள். முதலாளிகளே, ஜூலையிலேயே அந்தச் சகோதரரைக் கூப்பிட்டு, "உங்களுக்கு எந்த நாள் வேண்டும்?" என்று நீங்களே முந்திக் கேளுங்கள்.