யார் கொடுத்த தீவு?

பஞ்சசீலத்தின் இரண்டாம் சீலத்தை நாம் நாள்தோறும் சொல்லி வருகிறோம். அதனைத் 'திருடாதே' என்னும் பொருளில் மட்டும் கொண்டு, 'பிறர் பொருளை நான் தொட்டதில்லை. ஆதலின் இச்சீலத்தைக் காத்தவனாவேன்' என்று அமைதி கொள்வார் பலர். ஆனால் பாலி மொழியில் அச்சீலம் விலக்குவது 'அதின்னாதானம்'. அதின்னம் என்பது கொடுக்கப்படாதது. ஆதானம் என்பது எடுத்தல். பூட்டை உடைப்பவன் மட்டுமல்லன், கொடுக்கப்படாததைக் கொள்பவன் எவனும் அச்சொல்லின் எல்லைக்குள் வருகிறான். அப்படியாயின் ஒரு கேள்வி பிறக்கிறது. கொடுக்க உரிமையில்லாதவன் கொடுத்ததை, ஒருவன் நல்லெண்ணத்தோடு பெற்று அனுபவித்தால், அது கொடுக்கப்பட்டதா, கொடுக்கப்படாததா?

இதனை ஆராய ஒரு சிறு தீவை எடுத்துக்கொள்வோம். நம் மும்பையிலிருந்து ஏறக்குறைய நேர் தெற்கே, மாலத்தீவுகளையும் பூமத்திய ரேகையையும் கடந்து, சுமார் 2,700 கிலோமீட்டர் சென்றால் சாகோஸ் தீவுக்கூட்டம் வரும். அதில் சாலமன் என்பது வளையம் போலமைந்த பவளத்தீவுத் தொகுதி. அவ்வளையத்தைச் சேர்ந்த போடாம் என்னும் தீவின் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர் அளவே.

பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு உலகைச் சுற்றுவோர் பலர் இத்தீவை நாடி வந்துள்ளனர். பவளப் பாறைகள் அலையைத் தடுப்பதால் உள்ளே நீர் அமைதியாக இருக்கும். அங்கே நங்கூரமிட்டு, படகிலேயே உண்டு உறங்கி, பகலில் சிறு தோணியில் கரையேறித் தீவைச் சுற்றிப் பார்ப்பர். முன்னாளில் மாதக்கணக்கில் தங்கியவர்களும் உண்டு. பிற்காலத்தில் பிரிட்டிஷ் நிருவாகம் அனுமதிச் சீட்டு முறையை வைத்து, 28 நாள் என எல்லை வகுத்தது.

இவ்வாழ்வை நாம் இகழ்வதற்கில்லை. படகில் வாழ்பவன் தேவைக்கு மேல் ஒரு பொருளையும் ஏற்ற முடியாது. குடிநீரைக் குவளைக் கணக்கில் செலவிடுகிறான். மழைநீரைத் துணி விரித்துப் பிடிக்கிறான். பத்தடிக்குப் பத்தடி அறையில் குழாய் நீருக்குக் குடம் வரிசை வைத்து வாழும் தாராவி மக்களுக்கு இச்சிக்கனம் புதிதன்று. அவன் விரும்பி ஏற்றதை நம்மவர் வேறு வழியின்றி ஏற்றனர் என்பதே வேறுபாடு. எனினும், விரும்பி எளிமை பூணுதல் நன்றே.

கரையேறியவன் அங்கே என்ன காண்கிறான்? காடாகிவிட்ட தென்னந்தோப்பு, கூரையற்ற மாதா கோயில், மரவேர் பிளந்த சுவர்கள், ஒரு கல்லறைத் தோட்டம். 'ஆளில்லாத் தீவு' என்று அவன் தன் நாட்குறிப்பில் எழுதக்கூடும். ஆயின் ஆளில்லாத் தீவில் கல்லறை எவ்வாறு வந்தது?

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளாகவும், அடிமை முறை ஒழிந்தபின் இந்தியாவிலிருந்து கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள் அங்கே கொப்பரைத் தொழில் செய்து வாழ்ந்தனர். 1952இல் பெர்னார் முவாதெசியே என்னும் பிரெஞ்சு மாலுமி தனியே செலுத்தி வந்த பாய்மரப் படகு இக்கூட்டத்தைச் சேர்ந்த தியேகோ கார்சியாவில் பாறை மோதி உடைந்தபோது, அவர் கரையேறியது மக்கள் வாழ்ந்த தீவிலேயே.

1965இல் பிரிட்டன் இத்தீவுகளை மொரீஷியசினின்று பிரித்தெடுத்தது. அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதற்காக 1968 முதல் 1973 வரை ஏறக்குறைய 1,500 முதல் 2,000 பேர் அகற்றப்பட்டனர். மருத்துவத்திற்காக மொரீஷியஸ் சென்றவர்களுக்குத் திரும்பக் கப்பல் மறுக்கப்பட்டது. அவர்கள் வளர்த்த நாய்கள் கொல்லப்பட்டன. 2006இல் சுமார் நூறு பேருக்கு மட்டும், கப்பலில் சென்று தீவுகளில் இறங்கி, முன்னோர் கல்லறைகளைக் கண்டுவர அனுமதி கிடைத்தது. அந்நியனுக்கு 28 நாள். அம்மண்ணிற் பிறந்தவனுக்குக் கல்லறையைத் துடைக்கும் பொழுது!

படகில் வந்தவன் பக்கத்து வாதங்களையும் கேட்போம். 'நான் எவரையும் விரட்டவில்லை' என்பான். உண்மையே. செயலின் வேர் எண்ணம் என்பது தம்மத்தின் கொள்கையாதலால், விரட்டிய பழி அவனைச் சாராது. 'நான் போகாவிட்டால் அவர்கள் திரும்பிவிடுவார்களா?' என்பான். மாட்டார்கள். 'மனிதர் இல்லாததால் பவளமும் மீனும் பிழைத்தன' என்பான். 2010இல் அக்கடல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது மெய்தான்; ஆயின் பெரும் படைத்தளம் இருக்கத் தடையில்லாத இடத்தில், சில நூறு குடிகள் மட்டும் இயற்கைக்கு ஊறு என்பது எவ்வாறு பொருந்தும்?

ஆகவே அவன் கள்வன் அல்லன். ஆனால் அவன் நுகரும் தனிமை மழை போல் வானத்திலிருந்து விழுந்ததன்று. ஒரு மக்களின் இல்லாமையால் ஆக்கப்பட்டது. சீட்டு அளித்தவனிடம் இருந்தது அதிகாரம், கொடுக்கும் உரிமையன்று. அறியாமல் நுகர்ந்தவரை பிழையில்லை. கல்லறையைக் கண்டு, அது யாருடையது என அறிந்தபின், அவன் எண்ணம் பழைய எண்ணமாக இருத்தல் இயலாது. அறிந்தும் 'ஆளில்லாத் தீவு' என்றே அவன் உலகுக்குச் சொல்வானாயின், அன்றுமுதல் அவன் கொடுக்கப்படாததை எடுத்தவனாகிறான். அவன் எடுப்பது தேங்காயையன்று. அவர்கள் அங்கே வாழ்ந்தனர் என்னும் உண்மையை.

அதே கடலில் மற்றொரு படகும் வந்தது. 2021 அக்டோபரில், கனடா செல்லும் நோக்கோடு புறப்பட்டு இடர்ப்பட்ட மீன்பிடிப் படகிலிருந்த 89 இலங்கைத் தமிழர்கள் தியேகோ கார்சியாவில் கரை சேர்க்கப்பட்டனர். வேலியிட்ட கூடாரங்களில் ஆண்டுக்கணக்கில் வைக்கப்பட்டனர். அவர்கள் அடைத்து வைக்கப்பட்டது சட்டத்திற்குப் புறம்பானது என்று அவ்வாட்சிப் பகுதியின் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அம்மாதத்திலேயே அங்கு எஞ்சியிருந்தோரில் பெரும்பாலோர் பிரிட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். கடல் எப்படகையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை, காகிதமே வேறுபடுத்தியது.

2019 பிப்ரவரி 25இல் உலக நீதிமன்றம், பிரிட்டன் இத்தீவுகளின் ஆட்சியை விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று கருத்துரைத்தது. 2025 மே 22இல் மொரீஷியசுடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இரண்டு அரசுகள் பேசின. எங்களைக் கேட்டது யார் என்று சாகோஸ் மக்களுள் பலர் வினவினர்.

அன்பர்களே, இக்கேள்வி படகு வைத்திருப்பவனுக்கு மட்டும் உரியதன்று. ஏழு தீவுகளைத் தூர்த்துச் சேர்த்த நகரில் நாம் வாழ்கிறோம். தாராவியில் கோலி மீனவர் முதலில் இருந்தனர். சதுப்பை மேடாக்கி நம்மவர் குடியேறினர். இன்று அங்கே திட்டமிடப்படும் மறுகட்டுமானத்தில், அவ்விடத்திலேயே இலவச வீடு பெறுவோர் யார் என்பதை 2000 ஜனவரி 1 என்னும் நாள் வகுக்கிறது. நாளை நம்மில் சிலர்க்குச் சாவி கிடைக்கும், சிலர்க்குக் கிடைக்காது. மாதுங்காவிலோ செம்பூரிலோ புது மாடியில் குடியேறும் நம் பிள்ளைகள், அம்மாடி எழுமுன் அங்கே அடுப்பு மூட்டியவர் யார் என்று கேட்பார்களா?

சாவியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. அது பலருக்கு இயலாது. அண்டை வீட்டார் பெயரை மறவாதிருத்தலும், அவர் விடுபட்டார் என்று கூசாமல் சொல்லுதலும், அவருக்காக ஒரு மனுவிற் கையெழுத்திடுதலும் எவர்க்கும் இயலும். நமக்குக் கிடைத்த இடம் பிறரை மறந்ததால் கிடைத்ததாக இருக்கலாகாது. இரண்டாம் சீலத்தை அடுத்த முறை சொல்லும்போது, நம் கையிலுள்ளது யார் கொடுத்தது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.