நம்ம ஆள் என்றால் தராசு மாறுமா?

  

 

சேத்தூரில் இருக்கிற நமக்குச் சட்டமன்ற ஓட்டு ராஜபாளையம் தொகுதியில். பாராளுமன்ற ஓட்டு தென்காசி தொகுதியில். எந்தத் தேர்தல் பேச்சு எழுந்தாலும் வாலிபர்கள் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். “வெறுப்பு பேசுறவங்க எல்லாம் அந்தப் பக்கம் எம்.பி. ஆயிடுறாங்க ஹஜ்ரத். நாம மட்டும் ஏன் பொறுமையாப் பேசுறவரையே தேடணும்? நமக்கும் அதே மாதிரி ஒருத்தர் வேணாமா?” இன்றைய பயான் இந்தக் கேள்விக்குத்தான்.

இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று இந்த மிம்பரில் சொல்லமாட்டேன். வழிபாட்டுத் தலத்தை அரசியலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1988-லேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் சொல்லமாட்டேன். மிம்பர் அதற்கான இடம் இல்லை. நான் பேசப்போவது தராசைப் பற்றி.

ஓட்டு என்பது ஒரு ஷஹாதத், சாட்சியம் என்று நம் உலமாக்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்த மனிதர் இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் என்று நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள். சாட்சி சொல்கிறவனுக்கு அல்லாஹ் இரண்டு கட்டளை போட்டிருக்கிறான். சூரா நிஸாவின் 135-ஆம் வசனத்தில், உனக்கே எதிராக, உன் பெற்றோருக்கே எதிராகப் போனாலும் நீதியில் நில் என்கிறான். சூரா மாயிதாவின் 8-ஆம் வசனத்தில், ஒரு கூட்டத்தார் மீது உனக்குள்ள பகை உன்னை நீதி தவற வைத்துவிட வேண்டாம் என்கிறான். பாசமும் தராசைச் சாய்க்கும், பகையும் சாய்க்கும். இரண்டு பக்கத்தையும் அல்லாஹ் அடைத்துவிட்டான்.

ஹிஜ்ரி 37. ஸிஃப்பீன் போருக்குப் பின் ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களின் படையிலிருந்தே ஒரு கூட்டம் பிரிந்தது. கவாரிஜ்கள். அவர்களுடைய கோஷம் என்ன? தீர்ப்பு அல்லாஹ்வுக்கே உரியது. இதில் எந்த முஸ்லிமாவது குறை சொல்ல முடியுமா? கூஃபா பள்ளியில் அலீ (ரலி) பேசிக்கொண்டிருக்கும்போதே மூலைக்கு மூலை எழுந்து இதைக் கத்தினார்கள். வார்த்தை உண்மைதான், ஆனால் அதைக்கொண்டு நாடப்படுவது அசத்தியம் என்று அலீ (ரலி) அடையாளம் காட்டினார்கள். அப்போதும் அவர்களைப் பள்ளியை விட்டு விரட்டவில்லை. பள்ளிக்கு வருவதைத் தடுக்கமாட்டோம், பொதுச் சொத்தில் உங்கள் பங்கை நிறுத்தமாட்டோம், நீங்கள் ஆரம்பிக்காதவரை போர் செய்யமாட்டோம் என்று மூன்று உரிமைகளைக் கொடுத்தார்கள்.

அந்தக் கூட்டத்தின் பேணுதலைப் பாருங்கள். மரத்தடியில் விழுந்து கிடந்த ஒரு பேரீச்சம்பழத்தை ஒருவன் வாயில் போட்டான். விலை கொடுக்காமல் சாப்பிடலாமா என்று மற்றவர்கள் கேட்டதும் துப்பிவிட்டான். அதே நேரத்தில், அதே கைகள், ஸஹாபியின் மகன் அப்துல்லாஹ் பின் கப்பாப் அவர்களையும் கர்ப்பிணியான அவர் மனைவியையும் கொன்றன. வரலாற்று ஆசிரியர்கள் இரண்டையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார்கள். பேரீச்சம்பழத்தில் அத்தனை பேணுதல்! மனித உயிரில் ஒன்றுமே இல்லை. அந்த நூற்றாண்டில் தேர்தல் இருந்திருந்தால் நெற்றித் தழும்பைக் காட்டி அவர்களும் ஓட்டுக் கேட்டிருப்பார்கள். நம்மில் பலர் போட்டும் இருப்போம்.

தீவிரவாதம் “நான் தீவிரவாதம்” என்று சொல்லி ஓட்டுக் கேட்பதில்லை. ஓர் உண்மையான வார்த்தையைப் போர்த்திக்கொண்டுதான் வரும். தேசம் என்று வரும், தர்மம் என்று வரும். நம் தெருவில் சமுதாயம் என்று வரும்.

போபாலை எடுத்துக்கொள்வோம். 2008 செப்டம்பர் 29, ரமலான் மாதம். மஹாராஷ்டிராவின் மாலேகானில் குண்டு வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டு ஜாமீனில் இருந்த பிரக்யா சிங் தாக்கூருக்கு, 2019 ஏப்ரலில், பா.ஜ.க.வில் சேர்ந்த அன்றே போபால் தொகுதி கொடுக்கப்பட்டது. குண்டுவெடிப்பில் மகனை இழந்த ஒரு தகப்பனார், இவர் போட்டியிடக் கூடாது என்று நீதிமன்றம் போனார். அது எங்கள் அதிகாரத்தில் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் அவர் ஜெயித்தார்.

இங்கே நாம் நிதானமாக இருக்க வேண்டும். 2025 ஜூலை 31 அன்று சிறப்பு நீதிமன்றம் அந்த வழக்கில் அவர் உட்பட ஏழு பேரையும் விடுதலை செய்துவிட்டது. சந்தேகம் ஆதாரமாகாது என்றது. பாதிக்கப்பட்ட குடும்பத்தார் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் இன்றைய நிலையில் “குண்டு வைத்தவர்” என்று அவரைச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆதாரமில்லாமல் நம் பிள்ளைகளை ஊடகங்கள் தீவிரவாதி என்று எழுதியபோது நமக்கு எப்படி வலித்தது? அதே நீதி அவருக்கும் உண்டு. கசந்தாலும் மாயிதா வசனம் அதைத்தான் சொல்கிறது.

வழக்கை விட்டுவிடுவோம். அவர் வாயால் பேசியது இருக்கிறதே! மும்பையில் 2008 நவம்பர் 26 தாக்குதலில் உயிர் கொடுத்த ஹேமந்த் கர்கரே தன் சாபத்தால் செத்தார் என்றார். காந்தியைச் சுட்ட கோட்சேயைத் தேசபக்தர் என்றார். மன்னிக்கவே முடியாது என்று பிரதமரே சொன்னார். இதில் கர்கரேயைப் பற்றிய பேச்சு வாக்குப்பதிவுக்கு முன்பே பேசப்பட்டது. அதைக் கேட்டுவிட்டுத்தான் லட்சக்கணக்கானவர்கள் அவருக்குச் சாட்சி சொன்னார்கள். ஒரு வேட்பாளரை விட, அந்தச் சாட்சிகள்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அத்தனை பேரும் வெறியர்கள் இல்லை. “நம்ம ஆள்” என்று நினைத்தவர்கள்.

சரி, நம் பக்கம் வருவோம். தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர், இலங்கையின் காத்தான்குடி. சஹ்ரான் ஹாஷிம் அங்கே மேடை போட்டுப் பேசிக்கொண்டிருந்தவர். 2015 பொதுத் தேர்தலில் அவருடைய அமைப்பின் ஓட்டுக்காக வேட்பாளர்கள் அதனுடன் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பிற்பாடு விசாரணையில் இது வெளிவந்தது. குண்டு வைக்கச் சொல்லியா கையெழுத்துப் போட்டார்கள்? இல்லை. கொஞ்சம் ஓட்டு, அவ்வளவுதான். ஆனால் நாடாளுமன்றம் போகிறவர் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றால், அந்த வீட்டுக்காரனுக்கு ஊரில் என்ன மதிப்பு வரும் என்று உங்களுக்குத் தெரியாதா? அவரைப் பற்றி அதிகாரிகளிடம் புகார் செய்தவர்களும் முஸ்லிம்கள்தான். அவர்களைக் கேட்க ஆளில்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250-க்கும் மேற்பட்ட உயிர்கள். காத்தான்குடிக்குப் பக்கத்திலுள்ள மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைக் குழந்தைகள். அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில் ஒன்றுமறியாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிகளும் அடித்து நொறுக்கப்பட்டன.

வாலிபர்களே, நமக்கும் அப்படி ஒருத்தர் வேண்டாமா என்றீர்களே. அநியாயம் செய்பவனாக இருந்தாலும் அநியாயத்துக்கு ஆளானவனாக இருந்தாலும் உன் சகோதரனுக்கு உதவு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது ஸஹாபாக்கள் ஆச்சரியப்பட்டார்கள். அநியாயக்காரனுக்கு எப்படி உதவுவது? அவன் கையைப் பிடித்து நிறுத்துவதுதான் அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கினார்கள். புகாரியில் வருகிறது. நம்மில் ஒருவர் வெறுப்பைப் பேசி ஓட்டுக் கேட்டால் அவருக்கு நாம் செய்யும் உதவி, ஓட்டுப் போடாமல் இருப்பது. கைதட்டாமல் இருப்பது. அவர் வீடியோவை அடுத்த குரூப்புக்கு அனுப்பாமல் இருப்பது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்பீர்கள். ஒருவர் பேச்சைக் கேட்கும்போது, அவர் திட்டுகிற சமூகத்தின் பெயரை எடுத்துவிட்டு நம் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போது உங்களுக்குச் சுருக்கென்றால், அந்தப் பேச்சு யார் மீது பேசப்பட்டாலும் அநியாயம்தான்.

இன்னொன்று, அரசாங்கமே கொடுத்திருக்கிற வழி. ஒவ்வொரு வேட்பாளரும் மனுவோடு படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். தன் மீதுள்ள வழக்குகளை அதில் எழுத வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையத்திலேயே அதைப் பார்க்கலாம். 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் அந்த வழக்குகளைப் பத்திரிகையிலும் வெளியிட வேண்டும். இப்படிப்பட்டவரை ஏன் நிறுத்தினோம் என்று கட்சி காரணம் சொல்ல வேண்டும் என்று 2020-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கு என்றவுடன் முகம் சுளித்துவிடாதீர்கள்; குடிதண்ணீருக்காக மறியல் செய்தவர் மீதும் வழக்கு இருக்கும். சமூகங்களுக்கிடையே பகை மூட்டியதாக வழக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சட்டத்தில் 153ஏ, புதிய சட்டத்தில் 196. இருந்தால், அவர் என்ன பேசினார் என்று தேடிக் கேளுங்கள். வழக்கு இருப்பது மட்டும் குற்றமில்லை என்பதை இப்போதுதான் சொன்னேன்.

“எல்லாரும் ஒண்ணுதான் ஹஜ்ரத், நான் ஓட்டே போடுறதில்ல” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாட்சியத்தை மறைக்காதீர்கள் என்று சூரா பகராவின் 283-ஆம் வசனத்தில் அல்லாஹ் சொல்கிறான். யாருமே தேறவில்லை என்றால் அதைச் சொல்லவும் 2013 முதல் இயந்திரத்தில் நோட்டா இருக்கிறது. வீட்டில் படுத்துக்கொள்வது அதற்கு ஈடாகாது.

பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குறிப்பாக, கல்யாணமாகி வெளியூரிலிருந்து வந்த மருமகள்களின் பெயர். பிரமாணப் பத்திரத்தைப் போனில் எடுக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாலிபர்கள் எடுத்துக் கொடுங்கள்; கட்சி பார்க்காமல் எல்லா வேட்பாளருடையதையும் எடுத்துக் கொடுங்கள்.

குத்பாவுக்கு நேரமாகிவிட்டது. ஸுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.