உமரிச் செடியும் உப்புப் பாத்தியும்

சீடன்: ஐயா, மரக்காணம் உப்பள வரப்பில் நிற்கும் உமரிச் செடி ஒன்று, நல்ல தண்ணீர் ஊற்றி வளர்த்த உமரிச் செடி ஒன்று. இரண்டின் இலையிலிருந்தும் ஆர்.என்.ஏ. பிரித்து வரிசையைப் படித்தால், செடிக்கு 3 கோடித் துணுக்குகள் கிடைக்கும். சோடியத்தை வெளியே தள்ளும் எஸ்.ஓ.எஸ்.1 மரபணுவுக்கு உப்பளச் செடியில் 4,000 துணுக்கு, மற்றதில் 1,000 என்று வந்தால், உப்புதான் அதைத் தூண்டியது என்று முடிவுகட்டலாமே? இன்னும் செடிகள் கேட்கிறீர்களே, எதற்கு?

குரு: துணுக்குகளைக் கோடிக்கணக்கில் எண்ணினாய், செடிகளை இரண்டே பார்த்தாய். ஒரே பாத்தியில் ஆயிரம் கை உப்பு அள்ளிச் சோதித்தாலும் தெரிவது அந்தப் பாத்தியின் குணம்தான். மரக்காணத்து உப்பின் குணம் தெரியப் பல பாத்திகளில் அள்ள வேண்டும். ஒரே ஆர்.என்.ஏ. கரைசலை இரண்டு முறை படித்தால் வரும் ஏற்ற இறக்கம் பாய்சான் பரவலுக்கு மிக அருகில் இருக்கும் என்று 2008இல் மரியோனி குழுவினர் காட்டினார்கள். ஆழமாகப் படிக்கப் படிக்க அந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் அளவோடு ஒப்பிடச் சிறுத்துவிடும். செடிக்குச் செடி உள்ள வேறுபாடு அப்படிச் சிறுக்காது: ஒன்றின் வேர் ஆழம், ஒன்றில் பூச்சிக்கடி, ஒன்று வயதில் மூத்தது. இதனால்தான் எட்ஜ்ஆர் (2010), டீசெக்2 (2014) போன்ற மென்பொருள்கள் எதிர்மறை ஈருறுப்புப் பரவலைக் கொண்டு ஒவ்வொரு மரபணுவின் சிதறலையும் மதிப்பிடுகின்றன. 4,000க்கும் 1,000க்கும் இடையிலான தூரத்தை அளக்கும் கோல் அந்தச் சிதறல்தான். குழுவுக்கு ஒரு செடி என்றால் கோலே கிடையாது.

சீடன்: 20,000 மரபணுக்களைச் சோதிக்கும்போது தற்செயலாகவே பல தேறிவிடுமே?

குரு: எதிலும் மாற்றமே இல்லாவிட்டாலும் 0.05 வரம்பில் சுமார் 1,000 தேறும். தேறியவற்றில் பொய்யானவற்றின் பங்கைக் கட்டுக்குள் வைக்கப் பெஞ்சமினியும் ஹாக்பெர்க்கும் 1995இலேயே வழி சொல்லிவிட்டார்கள். அங்கே நிற்காதே.

சீடன்: ஒரு மரபணுவின் சிதறலை மற்ற மரபணுக்களிடமிருந்தும் மென்பொருள் கற்றுக்கொள்கிறதே. ஆயிரக்கணக்கான மரபணுக்கள் கைகொடுக்கும்போது குழுவுக்கு 3 செடி போதாதா?

குரு: வலுவான தடை இது. மற்ற மரபணுக்களிடம் வாங்கும் அந்தக் கடன் உண்மையில் உதவுகிறது. அது இல்லையேல் 3 செடிகளை வைத்துக்கொண்டு பேசவே முடியாது. ஆனால் எவ்வளவு உதவுகிறது என்பதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2016இல் ஷர்ச் குழுவினர் ஈஸ்ட்டில் இருவகைக்கும் தலா 48 மாதிரிகள் படித்தார்கள். முழுத் தொகுப்பில் தெரிந்த மாற்றங்களில், 3 மாதிரிகளை வைத்துப் பெரும்பாலான மென்பொருள்கள் கண்டவை 20 முதல் 40 விழுக்காடே. நான்கு மடங்குக்கு மேல் மாறியவை பெரும்பாலும் அகப்பட்டன; சிறியவை நழுவின. குறைந்தது 6 வேண்டும் என்றார்கள். ஈஸ்ட்டோ ஆய்வகத்தில் ஒரே சீராக வளர்ந்தது. வெயிலும் காற்றும் பட்ட உமரிக்கு அதைவிடக் குறைவாகக் கேட்பது எப்படி நியாயம்? இன்னொன்று: கடல் பக்கப் பாத்திகளில் காலையிலும் சாலைப் பக்கப் பாத்திகளில் மாலையிலும் அள்ளினால், எத்தனை பாத்தி சேர்த்தாலும் வேறுபாடு இடத்தாலா பொழுதாலா என்று பிரிக்க முடியாது. செடிக்கும் அப்படியே. அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் நாள்பொழுதுக்கேற்ப ஏறி இறங்கும் ஜைஜான்டியா புரதம்தான், எஸ்.ஓ.எஸ்.1ஐ முடுக்கும் எஸ்.ஓ.எஸ்.2 புரதத்தைப் பிடித்து வைத்து, உப்பு வந்ததும் விடுவிக்கிறது. பறித்த நேரமே உப்பின் வேடம் போடக்கூடும்; எந்த மென்பொருளாலும் அதைக் கலைக்க முடியாது. சென்னையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அலையாத்தி மரத்தின் உவர்தாங்கும் மரபணுக்களை நெல்லில் சேர்த்து ஆராய்ந்தது. அப்படி ஒரு மரபணுவைத் தேர்ந்த பின் வரும் உழைப்பு ஆண்டுக்கணக்கானது. தொடக்கத்துப் பட்டியல் பொய்த்தால் அத்தனையும் வீண். ஆகவே இரு குழுவிலும் 6 செடிகளாவது எடு. ஒரே நேரத்தில், இருபக்கமும் மாறி மாறிப் பறி. ஆர்.என்.ஏ. பிரிக்கும் ஒவ்வொரு நாளும் இரு குழுவிலும் சம அளவு வைத்துக்கொள்.